அப்பா உட்காரும் பத்து நிமிடம்

ஜனவரி 6

சின்னவனுக்கு அம்மா எழுதுவது.

முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் பிள்ளைகள் இரண்டும் சுகமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

அம்மா ஏன் போனில் பேசுவதில்லை என்று உன் அக்காவைக் கேட்டாயாம். நானே சொல்கிறேன். நவம்பர் பதினேழு, சாயங்காலம் நாலே கால். "அம்மா, உருண்டை பால் சட்டிக்குள்ள கைய விட்டுட்டான், அப்புறம் பேசறேன்" என்று வைத்தாய். இன்றைக்கு ஐம்பதாவது நாள். மூன்று வயசுப் பையன் பாலிலிருந்து கையை எடுக்க ஐம்பது நாளா ஆகும்? இனிமேல் எனக்கும் உனக்கும் எழுத்தில்தான் பேச்சு. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் காகிதத்தில் இருப்பதை "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று யாரும் புரட்ட முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பெண்டாட்டி நர்சுப் படிப்பு என்று இரண்டு வருஷத்துக்கு வேறு ஊர் போய்விட்டாள். செப்டம்பர் மூன்றாம் தேதி கிளம்பியவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அதைத் தனியாக வைத்திருக்கிறேன், இப்போது எடுக்கவில்லை. ஆறு வயசில் ஒன்று, மூன்று வயசில் ஒன்று. இரண்டையும் இழுத்துக்கொண்டு, பகலெல்லாம் ஊராருக்குப் பல் செட் செய்கிறாய். அது போதாதென்று விடிந்ததும் புத்தருக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்கிறாய். நீ உட்காருவதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்தவன் எழுந்து எங்கே போவான் என்பதுதான் என் பயம். உங்கள் ஆள் பெண்டாட்டி பிள்ளையைத் தூங்க விட்டுவிட்டுப் போனவர்தானே? அந்தக் கதை படிக்காத எனக்கே தெரியும்.

அக்கா வீட்டில் பின் அறை காலி. பள்ளிக்கூடம் நாலு வீடு தள்ளி. ஏப்ரல் விடுமுறைக்கு நானே ரயிலேறி வந்து இரண்டையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் படிப்பு முடியும் வரை என்னிடம் இருக்கட்டும். துணிமணிகளை மடித்து வை.

பேத்திக்கும் பேரனுக்கும் முத்தம். உனக்கு அப்புறம்.

அம்மா


ஜனவரி 15

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? அக்காவைக் கொடுக்கச் சொல், நீயே குனியாதே.

அந்த ஐம்பது நாள் என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளை அனுப்ப மாட்டேன் அம்மா. கோபத்தில் எழுதவில்லை. அவளை நான்தான் படிக்கப் போகச் சொன்னேன், வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொன்னதைச் செய்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே அம்மா என்றால் ஞாயிற்றுக்கிழமை போன் திரையில் தெரிகிற முகம். அப்பாவையும் அந்தத் திரைக்குள் போட எனக்கு மனசில்லை.

நான் எங்கும் போக மாட்டேன். நான் துறவி இல்லை. வீட்டில் இருந்துகொண்டு ஐந்து சீலம் எடுத்தவன். கொல்வதில்லை, திருடுவதில்லை, கட்டினவளுக்குத் துரோகம் இல்லை, பொய் இல்லை, குடி இல்லை. இதில் எது உனக்குக் கஷ்டம், சொல்.

ஏப்ரலில் வா. எத்தனை மாதம் வேண்டுமானாலும் இரு. திரும்பும்போது தனியாகத்தான் போவாய்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னவன்


ஜனவரி 24

சின்னவனுக்கு,

ஒத்தடம் கொடுத்தாகிவிட்டது, வலி ஒரு பிடி குறைவு. அங்கே சுகம் என்று நீ எழுதிய ஒற்றை வரியை நம்புவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"தனியாகத்தான் போவாய்" என்று பெற்றவளுக்கே எழுதுகிறாய். வைத்திருக்கிறேன்.

குடி இல்லை என்பது நல்லது. உன் அப்பா அந்த ஒன்றையாவது எடுத்திருக்கலாம். ஆனால் உங்கள் விகாரையில் இருக்கிறாரே, மொட்டைத் தலைச் சாமி, அவரை நான் மறக்கவில்லை. உருண்டை பிறந்த சமயம் வந்தார். நான் கையால் சுட்ட ரொட்டியைத் தட்டில் வைத்து நீட்டினேன். "மத்தியானம் தாண்டிடுச்சும்மா, சாப்பிடக் கூடாது" என்று சிரித்தார். மணி பன்னிரண்டரை. அரை மணிக்காக என் ரொட்டி ஆகாமல் போயிற்று. சிரித்தார் வேறு.

சரி. பொய் இல்லை என்று சொன்னாய் அல்லவா? அப்படியானால் ஒன்று செய். காலையில் எழுந்ததிலிருந்து பிள்ளைகள் படுக்கிற வரை ஒரு நாளை விடாமல் எழுது. நல்லதாகப் பொறுக்காதே. படித்துப் பார்த்து, பிள்ளைகள் அங்கே இருப்பதா இங்கே வருவதா என்று நான் சொல்கிறேன்.

குளிர் காற்றில் உருண்டையின் காதை மூடு.

அம்மா


பிப்ரவரி 5

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், உருண்டைக்கு மூக்கு மட்டும் ஒழுகுகிறது. காதை மூடிவிட்டேன். நேற்றைய நாளை எழுதுகிறேன்.

ஐந்தேகாலுக்கு எழுந்து பாலை அடுப்பில் வைத்தேன். ஃப்ரிட்ஜுக்கு மேலே சுவரில் ஒரு பலகை அடித்திருக்கிறேன். அதில்தான் உள்ளங்கை உயரப் புத்தர். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு டம்ளரில் புதுத் தண்ணீர் வைத்தேன். பெரியவள் கேள்வி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அவருதான் குடிக்கறதே இல்லையே, ஏன்ப்பா தினம் மாத்தற?"

"அவருக்குத் தாகம்னு வைக்கல. நாம மறக்காம இருக்க வைக்கறோம்."

"எத மறக்காம?"

அதற்குள் பால் பொங்கிவிட்டது. பதில் சொல்லாமல் தப்பித்தேன். ஏன் இவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று உனக்குத் தெரியும்.

அடுப்பை அணைத்துவிட்டு முன்அறையில் பாயைப் போட்டுக் கடிகாரத்தில் பத்து நிமிடத்துக்கு மணி வைத்து உட்கார்ந்தேன். மணி அடிக்கிற வரை அப்பாவைக் கூப்பிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கேள்வி பக்கத்தில் தலையணை போட்டு உட்கார்ந்தாள். உருண்டை என் மடியில் ஏறினான், இறங்கினான், என் காதுக்குள் விரலை விட்டுப் பார்த்தான், கடைசியில் காலடியில் படுத்துக்கொண்டான். எனக்கு ஞானம் ஒன்றும் வரவில்லை. சட்டையில் பொத்தான் அறுந்த ஞாபகம்தான் வந்தது. இருந்தாலும் அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் மீதி நாளை என்னால் தூக்க முடியாது.

பிறகு ரொட்டி, முட்டை. உருண்டை ரொட்டியின் கரகரப்பான ஓரத்தைச் சுற்றிச் சுற்றிக் கடித்து முடித்துவிட்டு, மெத்தென்ற நடுப்பகுதியைப் பெருந்தன்மையாக எனக்குத் தருவான். கேள்விக்குத் தலை வாரினேன். இடது பின்னல் மேலே, வலது பின்னல் கீழே. ஷூவில் ஒன்று கிடைக்கவில்லை. துவைக்கிற இயந்திரத்துக்குள் இருந்தது, யார் போட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியாதாம். ஏழே முக்கால் பேருந்து. சின்னதைக் காப்பகத்தில், பெரியதைப் பள்ளியில் விட்டேன்.

எட்டரைக்கு வேலை. பல் டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சில் மாவு ஊற்றி, அது இறுகினதும் மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக அடுக்குவேன். நேற்று ஒரு கிழவருக்கு மேல் செட். பல் ரொம்ப வரிசையாக இருந்தால் பொய்ப் பல் என்று தெரிந்துவிடும் என்பதால் ஒன்றை இம்மி கோணலாக வைப்போம். முதலாளி வந்து பார்த்து, "அது மட்டும் சிரிக்குதுப்பா, நேராக்கு" என்றார். மறுபடி மெழுகு உருக்கினேன்.

நாலரைக்கு இரண்டையும் கூட்டிக்கொண்டு வீடு. சர்க்கரை டப்பாவுக்கு எறும்புப் படை. கொல்லக் கூடாதே என்று கேள்வி இரண்டு கரண்டி சர்க்கரையைத் தரையில் கோடாகப் போட்டு ஜன்னல் வரை வழி காட்டினாள். எறும்பு போயிற்று. நான் தண்ணீரைக் கொட்டினேன், தரை பிசுபிசுத்து வழுக்கி விழுந்தேன், "அறிவிருக்கா உனக்கு!" என்று கத்தினேன். "அஞ்சு சீலத்துல கத்தக் கூடாதுன்னு இல்லையாப்பா?" என்றாள். "இல்ல. இருந்திருக்கணும்" என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அரை மணி கழித்துக் குளிக்க மாட்டேன் என்று உருண்டை ஓடியபோது மறுபடி கத்தினேன். ஆக இரண்டு தடவை.

எட்டு மணிக்குப் படுக்கை. "எல்லாரும் சுகமா இருக்கட்டும்" என்று சொல்லி, யார் யார் என்று பிள்ளைகள் பட்டியல் போடுவார்கள். அம்மா, பேருந்து ஓட்டுகிற மாமா, எறும்பு, பாட்டி. காப்பகத்தில் தன்னைக் கடித்த பையன் மட்டும் வேண்டாம் என்றான் உருண்டை. "அவனும்தான்" என்றேன். "அவன் நாளைக்கு" என்றான்.

இதுதான் அம்மா. ஒன்றையும் விடவில்லை.

சின்னவன்


பிப்ரவரி 14

சின்னவனுக்கு,

சுகம். உருண்டையின் மூக்கு நின்றதா, எழுது.

மூன்று தடவை படித்தேன். அக்கா ஒரு தடவை படித்து அழுதாள். அவள் எதற்கும் அழுவாள்.

எறும்புக்குப் பின்னால்தான் பாட்டியா? இருக்கட்டும். எறும்பு கூடவே இருக்கிறது, நான் தூரத்தில் இருக்கிறேன். பின்னல் நடு வகிட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், காதிலிருந்து அல்ல. கத்தினதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்ட ஆம்பிளையை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். உன் அப்பா சுவரிடம்கூடக் கேட்டதில்லை.

நீ நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாய். ஆனால் ஒரு கண் போதாது. உன் இடது கையைத் திருப்பிப் பார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இழுத்துக்கொண்ட தோல். உன் அத்தை, "நான் பாத்துக்கறேன் அண்ணி" என்றாள். பார்த்த லட்சணம் அது. முப்பத்தொரு வருஷமாக அவளோடு எனக்குப் பேச்சில்லை. பிள்ளை வெந்துபோக ஒரு நிமிடம் போதும், நீ பத்து நிமிடம் கண்ணை மூடுகிறாய்.

அதனால் என் முடிவு மாறவில்லை. ஏப்ரல் இருபதுக்கு ரயில். பதில் உடனே போடு.

அம்மா


மார்ச் 10

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். முழங்கால் எப்படி? இங்கே எல்லாரும் இப்போது சுகம்.

வேலை அதிகம். காலையில் எழுந்து பால் காய்ச்சி, உருண்டைக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்து, கேள்விக்குத் தலை வாரி அனுப்புவதற்குள் மணி ஏழரை ஆகிவிடுகிறது. பின்னலை நடு வகிட்டிலிருந்து ஆரம்பிக்கக் கற்றுக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்வதில்லை, பேசாமல் தலையைக் காட்டுகிறாள்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் முன்பு எழுதியதுதான்.

சின்னவன்


மார்ச் 17

சின்னவனுக்கு,

என் முழங்காலை விடு. அங்கே யாருக்கு என்ன ஆயிற்று?

"இப்போது சுகம்" என்றால் முன்பு இல்லை. பிப்ரவரி ஐந்தில் எழுதிய காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்தாய். மார்ச் பத்தில் எழுதிய காலையில் பால் இருக்கிறது, ரொட்டி இருக்கிறது, சீப்பு இருக்கிறது, நீ உட்காரவில்லை. போன மாதம் கரகரப்பான ஓரத்தைச் சுற்றிக் கடித்தவனுக்கு இந்த மாதம் ரொட்டியைப் பாலில் ஊறவைக்கிறாய். பல்லா, தாடையா? "கேள்வி ஒன்றும் சொல்வதில்லை" என்று வேறு எழுதுகிறாய். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் இருந்த நாள் உண்டா?

நீ பொய் எழுதவில்லை. விட்டுவிட்டு எழுதியிருக்கிறாய். விட்டதை எழுது.

அம்மா


மார்ச் 22

அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். இது உண்மை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி இருபத்திரண்டு காலை. நான் உட்கார்ந்திருந்தேன். தினமும் டம்ளர் தண்ணீர் வைப்பதைப் பார்க்கிற உருண்டை, தானே வைப்பதற்கு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியிருக்கிறான். நாற்காலி சரிந்து சமையல் மேடை விளிம்பில் தாடை அடித்துவிட்டது.

எனக்கு அந்தச் சத்தம் கேட்டது அம்மா. அதுதான் உனக்கு எழுத முடியாமல் போன விஷயம். உட்காரும்போது சத்தம் கேட்டால் அதன் பின்னால் போகக் கூடாது, "சத்தம், சத்தம்" என்று மனசுக்குள் குறித்துவிட்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டும் என்று பழகியிருக்கிறேன். நாற்காலி விழுந்தது. "சத்தம்" என்று குறித்தேன். ஒரு சின்ன முனகல். அதையும் குறித்தேன். அன்றைக்குத்தான் மனசு நன்றாக நின்றது என்றுகூட நினைத்தேன்.

மணி அடித்ததும் சமையலறைக்குப் போனேன். கேள்வி தரையில் உட்கார்ந்து தம்பியை மடியில் வைத்திருந்தாள். ஒரு கையால் கரித்துணியை அவன் தாடையில் அழுத்திக்கொண்டிருந்தாள். இன்னொரு கையால் அவன் வாயைப் பொத்தியிருந்தாள். அவள் பாவாடை முழுக்க ரத்தம்.

"ஏன்டா கண்ணு கூப்பிடல?" என்று கத்தினேன்.

"மணி அடிக்கலயேப்பா" என்றாள்.

நாலு தையல். கீழ்ப் பல் ஒன்று ஆடியது, இப்போது நின்றுவிட்டது. நாளெல்லாம் பல்லோடு இருக்கிறவன் நான், பல் பிழைக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளின் அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று அழுதாள். வேண்டாம் என்று பிடித்து நிறுத்தியிருக்கிறேன். இன்னும் ஊசலாடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அன்றையிலிருந்து நான் உட்காரவில்லை. சட்டத்தை எடுத்துவிட்டேன், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று கேள்வியிடம் பத்துத் தடவை சொல்லிவிட்டேன். தலையை ஆட்டுகிறாள். ஆனால் காலையில் அவள் என்னைக் கூப்பிடுவதில்லை. ஷூ கட்டத் தெரியாவிட்டாலும் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். ஒரு கேள்வி வருவதில்லை. தையல் ஆறிவிட்டது. எனக்குப் பயம் இதுதான்.

இப்போது நீ ரயிலேறி வந்து பிள்ளைகளைக் கேட்பாய். கேட்க உனக்கு நியாயம் இருக்கிறது. ஆனாலும் தர மாட்டேன். நான் கெடுத்ததை நான்தான் சரிசெய்ய வேண்டும். அவள் மறுபடி என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்பது மணி நேர ரயில் தூரத்திலிருந்து அவள் யாரைக் கூப்பிடுவாள்?

திட்டி எழுது. வாங்கிக்கொள்கிறேன்.

சின்னவன்


ஏப்ரல் 4

சின்னவனுக்கு,

உடம்பு சுகம். மனசைப் பற்றிக் கேட்காதே. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன், இது மூன்றாவது. உன் அக்காவுக்குக் காட்டாமல் எழுதுகிறேன்.

உன் கையைப் பற்றி நான் சொன்னது பொய்.

உனக்கு இரண்டு வயசு முடிந்து ஒரு மாதம். குளிக்கிற வெந்நீரை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்தது நான். தெருக் குழாயில் என் வாளியை அடுத்த வீட்டுக்காரி நகர்த்திவிட்டாள் என்று தெரிந்தது. முதல் நாளே அவளோடு பாதியில் நின்ற சண்டை ஒன்று இருந்தது. இரண்டையும் சேர்த்துத் தீர்த்துவிட்டு வருகிறேன் என்று போனேன். நீ வீறிட்டது எனக்கும் கேட்டது. அழட்டும், இன்னும் நாலு வார்த்தை பாக்கி இருக்கிறது என்று நின்றேன். நின்று, நாலையும் சொல்லி முடித்தேன். பிறகுதான் வந்தேன்.

உன் அத்தை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள்தான் இறங்கி ஓடிவந்து உன்னைத் தூக்கியிருக்கிறாள். சாயங்காலம் உன் அப்பா குடித்துவிட்டு வந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்து, "யாருடி?" என்றார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். "நான்தான் அண்ணா, கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள் அத்தை. தங்கை என்பதால் அடிக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அன்றைக்குத் திறக்காத வாய் மறுநாளும் திறக்கவில்லை. அவள் என்னை ஒரு சொல் கேட்டதில்லை. அதுதான் பொறுக்கவில்லை. தினமும் எதிரே வந்து நின்று, "அண்ணி, தண்ணி கொண்டுவரட்டுமா?" என்பாள். மூன்றாம் மாதம் கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று ஒரு காரணத்தைப் பிடித்து வீட்டை விட்டு அனுப்பினேன். அதற்கப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் அவள்தான் கவனிக்காமல் விட்டாள் என்று சொல்லிச் சொல்லி, எனக்கே அப்படித்தான் நடந்தது போல ஆகிவிட்டது. என் ஞாபகத்தை எல்லாரும் மெச்சுகிறீர்கள். வாளியின் நிறம்கூடச் சொல்வேன், பச்சை. இந்த ஒன்றை மட்டும் மாற்றி வைத்திருந்தேன்.

நீ கேட்டும் போகாமல் இருந்தாய். நானும்தான். ஆனால் நீ ஒரு மாதத்தில் சொல்லிவிட்டாய்.

பிள்ளைகளை அனுப்பு என்று இனி எழுத மாட்டேன். ஆனால் டிக்கெட் எடுத்தது எடுத்ததுதான், இருபதாம் தேதி வருகிறேன். இன்னொன்று. நீ உட்காராமல் இருப்பது சரியில்லை. குழாயடியில் தப்புச் செய்தேன் என்பதற்காக நான் தண்ணீர் பிடிக்காமலா இருந்தேன்? கண்ணை மூடுவது எனக்குப் பிடிக்காது, அது வேறு. செய்வதை ஒழுங்காகச் செய்.

எழுதினதைக் கிழிக்காதே. இருக்கட்டும்.

அம்மா


ஏப்ரல் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகம். உருண்டை மறுபடி ரொட்டி ஓரத்தைக் கடிக்க ஆரம்பித்துவிட்டான்.

கடிதத்தைப் படித்து மூன்று நாள் எனக்கு உன் மேல் கோபம். நாலாவது நாள் என் மேலேயே திரும்பிவிட்டது. எட்டு வயசில் கடைத்தெருவில் அத்தை என்னைப் பார்த்துக் கையைத் தூக்குவார். நீ சொல்லிக் கொடுத்தபடி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். ஒரு தடவை பின்னாலேயே வந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை என் பையில் போட்டார். நான் அதைச் சாக்கடையில் எறிந்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

எனக்குச் சொன்னது போதாது. அவருக்கு எழுது. முகவரி அக்காவிடம் இருக்கிறது, உனக்குத் தெரியாமல் இத்தனை வருஷமாக அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அக்காவைத் திட்டாதே.

நீ வந்த மறுநாளிலிருந்து உட்காருகிறேன். முன்அறையில் இல்லை, சமையலறையிலேயே, பிள்ளைகள் கண் முன்னால். மணி கிடையாது. சத்தம் கேட்டால் எழுந்திருப்பேன். கூப்பிட்டால் கண்ணைத் திறப்பேன். அது தியானமா என்று விகாரையில் கேட்டேன். "பிள்ளை கூப்பிடறதும் மூச்சு மாதிரிதான், வந்தா கவனி" என்றார் உன் ரொட்டியை வேண்டாம் என்றவர்.

ஆனால் கேள்வி கூப்பிடுவாளா என்பதுதான் தெரியவில்லை.

ஸ்டேஷனுக்கு மூவரும் வருகிறோம். கனமான பையைத் தூக்காதே.

சின்னவன்


ஏப்ரல் 24

மருமகளுக்கு மாமியார் எழுதுவது.

இங்கே உன் வீட்டில் நாங்கள் நாலு பேரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன் திரையில் கன்னம் ஒட்டித் தெரிகிறது.

நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று எனக்குத் தெரியும். செப்டம்பர் மூன்றாம் தேதி நீ சொல்லாமல் போனதை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது அப்படியே இருக்கிறது. ஆனால் நீ படிப்பை விட்டுவிட்டு வருவதா என்று இன்னும் ஊசலாடுகிறாய் என்று அவன் சொன்னான். அதற்காகத்தான் எழுதுகிறேன். நீ கேட்காமலே நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீயே முடிவு செய்.

உன் அடுப்பங்கரையில் டப்பாக்களை மாற்றி வைத்திருக்கிறேன். வந்ததும் சண்டை போடு. உருண்டையின் தாடைத் தழும்பு அரிசி நீளம்தான், சிரித்தால் தெரியாது. உன் புருஷனின் அத்தைக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை, வராமலும் போகலாம். ஏன் என்று அவன் உனக்குச் சொல்வான்.

இருபத்தொன்றாம் தேதி காலை சமையலறைத் தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்தான். நான் அடுப்போரம் நின்றேன். உருண்டை ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தான். கேள்வி வாசற்படியிலேயே நின்றாள், வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு. கடைசி வரை அப்படியே. மறுநாளும் அப்படியே. நேற்றும் அப்படியே. ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், கூப்பிடவில்லை. "அப்பாவைக் கூப்புடுடி" என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. நான் சொல்லிக் கூப்பிட்டால் அது நான் கூப்பிட்டதாகிவிடும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றது என் வாழ்நாளில் எத்தனை தடவை என்று உனக்கே தெரியும்.

இன்றைக்குக் காலை. அவன் உட்கார்ந்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும். வாசற்படியிலிருந்து, கொசு மாதிரி ஒரு குரல்.

"அப்பா."

அவன் கண்ணைத் திறந்தான். "என்னடா?"

"ஒண்ணுமில்ல."

அவன் மூடினான். அவள் ஒரு அடி உள்ளே வந்தாள்.

"அப்பா."

திறந்தான். "சொல்லு."

"சும்மா."

இன்னொரு அடி. இன்னொரு "அப்பா". எனக்குப் பொறுக்கவில்லை, "என்னடி உனக்கு விளையாட்டா?" என்று கேட்கப் போனேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அது விளையாட்டு முகம் இல்லை. அடிபட்ட காலைத் தரையில் வைத்துப் பார்ப்பவர்கள் முகம் அது.

கடைசியாக அவன் முழங்காலில் முழங்கால் முட்டுகிற தூரத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, எறும்பு தூங்குமா?" என்றாள். "தெரியலடா" என்றான். "தெரியாமலா அதுக்கு சுகமா இருக்கட்டும்னு சொல்ற?" என்றாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. நான் பாலைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் பதினான்கு தடவை கூப்பிட்டாள். நான் எண்ணினேன். பதினான்கு தடவையும் கண்ணைத் திறந்தான்.

நீ படித்து முடித்துவிட்டு வா.

மாமியார்